கட்ட இடமில்லாத படகு: பிராட்ஸ் நீர்வழிகளில் வாரஇறுதிப் பயணத்தின் சரிவு

கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களில் பியூர், ஆன்ட், தர்ன், யேர், வேவ்னி ஆகிய ஆறுகளும் அவற்றை ஒட்டிய ஆழமற்ற ஏரிகளும் சேர்ந்து, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்துக்குப் படகு ஓடக்கூடிய நீர்வழியாக விரிந்துள்ளன. பிராட்ஸ் எனப்படும் இப்பகுதியில் 1970களின் கடைசியில் வாடகைக்கு ஓடிய மோட்டார் க்ரூஸர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். இன்று ஆயிரம்கூட இல்லை. சொந்தப் படகு வைத்திருப்போரிலும் பலர், வெள்ளிக்கிழமை மாலை வந்து படகிலேயே தூங்கி, தேநீர் போட்டுக் குடித்து, கட்டிய கயிற்றை அவிழ்க்காமலேயே ஞாயிறன்று வீடு திரும்புகிறார்கள்.

இந்தச் சரிவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: மலிவான வெளிநாட்டுச் சுற்றுலா, ஏறிக்கொண்டே போகும் செலவு. இரண்டும் உண்மைதான். ஆனால் இவை மட்டும் போதா. ஆற்றில் படகு ஓட்டும் உரிமை சட்டத்தில் பத்திரமாக இருக்க, இரவில் படகைக் கட்டிப் போடும் கரை துண்டு துண்டாகக் கைநழுவிப் போனதே வாரஇறுதிப் பயணத்தை முடக்கிய முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலில் இந்த வழக்கம் எப்படி வேர்விட்டது என்று பார்க்க வேண்டும். பிராட்ஸ் ஏரிகள் இயற்கையாக உண்டானவை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. அவை இடைக்காலத்தில் எரிபொருளுக்காகக் கரிமண் வெட்டிய பள்ளங்கள், பின்னர் நீர் புகுந்து நிரம்பியவை என்று 1950களில் தாவரவியலாளர் ஜாய்ஸ் லாம்பர்ட்டும் அவருடன் உழைத்தவர்களும் நிறுவினார்கள். அந்த நீரில் கரும்பாய் விரித்த வெர்ரி என்னும் சரக்குப் படகுகள் பல தலைமுறைகளாக ஓடின. ரயில் வந்து சரக்கைப் பிடுங்கிக்கொண்டது. அதே ரயில் பயணிகளைக் கொண்டுவந்து இறக்கியது. 1880 வாக்கில் ஜான் லாயின்ஸ் என்ற படகுத் தச்சர் ராக்ஸம் ஊரில் உல்லாசப் படகுகளை வாடகைக்கு விட்டார். 1908இல் ஹாரி பிளேக் தொடங்கிய முகவரகம் பல பட்டறைகளின் படகுகளை ஒரே விவரப் பட்டியலில் அச்சிட்டு, முன்பதிவு வாங்கியது. 1940களில் ஹோசீசன்ஸ் நிறுவனமும் களத்தில் இறங்கியது. ஆர்தர் ரான்சம் 1934இல் வெளியிட்ட ‘கூட் கிளப்’ சிறுவர் நாவலில், இரைச்சலிட்டுக்கொண்டு ஆற்றைக் கலக்கும் மோட்டார் க்ரூஸர் ஒன்றுதான் பிள்ளைகளுக்கு எதிரி. அதாவது 1930களிலேயே மோட்டார் படகு பாய்மரக்காரர்களுக்கு எரிச்சலூட்டும் அளவுக்குப் பெருகிவிட்டது.

போருக்குப் பிந்தைய முப்பதாண்டுகள் இதன் பொற்காலம். மரத்துக்குப் பதிலாக ஃபைபர்கிளாஸ் உடல்கள் வந்தன. ஒரே அச்சில் பல படகுகளை வார்க்க முடிந்தது. பாட்டர் ஹைகம், ஸ்டாலம் வழியாகச் சென்ற ரயில்பாதை 1959இல் மூடப்பட்டபோதும் தொழில் தளரவில்லை. குடும்பங்கள் காரில் வந்தன. 1966 முதல் ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்கு, வெளிநாடு செல்லும் பிரிட்டானியர் ஆளுக்கு 50 பவுண்டுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்திருந்தது. உள்நாட்டு விடுமுறைத் தொழிலுக்கு அது கிடைத்தற்கரிய பாதுகாப்பு.

விமானம்தான் படகை வீழ்த்தியது என்போரின் வாதத்தை இங்கே காலக்கணக்கோடு ஒத்துப் பார்க்கலாம். அந்தக் கட்டுப்பாடு 1970 தொடங்கும்போதே நீங்கிவிட்டது. ஸ்பெயின் கடற்கரைக்கு மலிவு விமானப் பயணம் அந்தப் பத்தாண்டு முழுக்கப் பெருகியது. பிராட்ஸ் வாடகைப் படகுத் தொழிலோ அதே பத்தாண்டின் முடிவில்தான் உச்சத்தில் நின்றது. 2020இல் பெருந்தொற்று வந்து வெளிநாட்டுப் பயணம் தடைபட்டபோது, ஜூலையில் படகுகள் மீண்டும் ஓட அனுமதி கிடைத்த உடனேயே முன்பதிவுகள் குவிந்தன. ஆசை செத்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆசை இருந்தும் பழக்கம் ஏன் மீளவில்லை என்பதே கேள்வி.

செலவைப் பற்றிய வாதமும் அரைகுறையானது. 2008 நவம்பரில் உல்லாசப் படகை இயக்கும் டீசலுக்கான வரிச்சலுகை போனது. அதன்பின் வாங்கும் டீசலில் 60 விழுக்காடு ஓட்டத்துக்கு, 40 விழுக்காடு வெப்பமூட்டலுக்கும் பிற தேவைக்கும் என்று பொதுவாகப் பிரித்துக் காட்டி, முதல் பங்குக்கு முழுவரி கட்டுகிறார்கள். நாலாண்டுக்கொருமுறை பாதுகாப்புச் சான்றிதழ், காப்பீடு, ஆண்டுக் கட்டணம் எல்லாம் உண்டு. ஆனால் இவற்றில் பெரும்பகுதி படகு நகர்ந்தாலும் நகராவிட்டாலும் கட்டவேண்டிய பணம். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போகும் க்ரூஸர் ஒரு வாரஇறுதியில் எரிக்கும் டீசல் அந்த மொத்தத்தில் சிறு பங்கே. பணம் படகை விற்கச் செய்யலாம். இருக்கும் படகைக் கட்டிய இடத்திலேயே ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதை அது விளக்காது.

வாரஇறுதி என்ற கால அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்நாளில் வாடகை சனி முதல் சனி வரை, முழுசாக ஒரு வாரம். இன்று பலர் கேட்பது வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவு. படகு கைக்கு வர வெள்ளி பிற்பகல் ஆகும். திங்கள் காலை ஒன்பதுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். மிச்சம் இரண்டே முழுநாள். ஆற்றில் இடத்துக்கேற்ப மணிக்கு 3 முதல் 6 மைல்தான் வேக வரம்பு. ராக்ஸமிலிருந்து கிரேட் யார்மத் போகவே ஏறத்தாழ ஐந்து மணிநேரம் பிடிக்கும். வடக்கு ஆறுகளிலிருந்து தெற்கு ஆறுகளுக்குப் போக யார்மத் பாலங்களைக் கடக்க வேண்டும். அதற்கு வற்றம் முடிந்து நீர் அசையாமல் நிற்கும் வேளைக்குக் காத்திருக்க வேண்டும். அந்த வேளை நாளுக்கு முக்கால் மணிநேரத்துக்கு மேல் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். பல வாரஇறுதிகளில் அது விடியலிலோ இருட்டிலோ வந்து விழுகிறது. போதாததற்கு, 1994ஆம் ஆண்டின் ஞாயிறு வணிகச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை பார்ப்போர் பெருகினார்கள். கணவனுக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரேசமயத்தில் ஓய்வு கிடைப்பது அரிதாயிற்று.

நேரம் இப்படிச் சுருங்கிய பயணத்துக்கு, மாலையில் நிச்சயமாகக் கிடைக்கும் ஓர் இடம் இன்றியமையாதது. இங்கேதான் கரை வருகிறது.

இங்கிலாந்துச் சட்டத்தில் அலையேற்ற ஆற்றில் படகு செலுத்தும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. பிறர் நிலத்தில் படகைக் கட்டும் உரிமை அதில் அடங்காது. கரை நிலத்துக்காரரின் சொத்து. பிராட்ஸில் படகு கட்டுவது எப்படி என்று கிட்டப் போய்ப் பார்த்தால் இதன் பொருள் புரியும். ஓட்டுபவர் படகின் முகத்தை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, கரையை ஒட்டி அணைக்கிறார். பக்கவாட்டில் கயிற்றுடன் நிற்பவர் குதிக்காமல், ஓரடி எடுத்து வைத்துப் புல்மேட்டில் இறங்குகிறார். கட்டுத்தறி இருந்தால் அதில் கட்டு. இல்லாவிட்டால் ‘ராண்ட்’ என்ற ஒற்றைக் கொழு நங்கூரத்தை ஈர மண்ணில் வைத்துக் காலால் மிதித்து இறக்க வேண்டும். நீர் ஏறி இறங்கும் அளவுக்குக் கயிற்றில் தளர்வும் விட வேண்டும். ரீடம் போன்று ஓட்டம் கடுமையான இடங்களில் புதியவர்களுக்கு இது நடுக்கமூட்டும் வேலை. இருட்டத் தொடங்கிய பிறகு, ‘தனியார் இடம், கட்டாதீர்’ என்ற பலகைகளைக் கடந்து கடந்து, குழந்தைகளோடு இடம் தேடி அலைந்த குடும்பம் அடுத்த ஆண்டு மீண்டும் வருமா?

1988இல் இயற்றிய தனிச்சட்டத்தின்படி அமைந்த பிராட்ஸ் ஆணையம், 24 மணிநேரம் வரை தங்கக்கூடிய பொதுப் படகுத்துறைகளை நடத்துகிறது. அவற்றில் பல குத்தகை நிலங்கள். குத்தகை முடியும்போது நிலத்துக்காரர் கூடுதல் வாடகை கேட்டாலோ புதுப்பிக்க மறுத்தாலோ துறை போய்விடும். பழைய நாளில் இந்தக் குறையை ஈடுசெய்தவை படகுப் பட்டறைகளும் ஆற்றோர மதுக்கடைகளும். பட்டறை என்றால் டீசல், தண்ணீர், கழிவுத் தொட்டியை உறிஞ்சிக் காலி செய்யும் பம்பு, பழுதுபார்க்கும் கை, இரவு ஒதுங்க ஓரிடம் எல்லாம் ஒன்றாக இருக்கும். ஒரு பட்டறை மூடி அங்கே ஆற்றைப் பார்த்த விடுமுறை வீடுகள் எழும்பினால், வாடகைப் படகுகளோடு அவ்வழியே போகும் எல்லாப் படகுகளுக்குமான நிறுத்தமும் சேர்ந்து போகிறது. ஹார்னிங்கில் வரிசை வரிசையாக நிற்கும் ஓலைக்கூரை வீடுகளும் அவற்றின் சொந்த வாய்க்கால்களும் அஞ்சலட்டைக்கு அழகுதான்; வழிப்போக்கர் படகுக்கு அங்கே இடமில்லை. பிரேடன் வாட்டர் என்னும் கழிமுகத்தின் மேற்கு முனையில் காற்றாலையும் சிறு ரயில் நிறுத்தமும் கொண்ட பெர்னி ஆர்ம்ஸ், சாலை வசதியே இல்லாத இடம். கழிமுகத்தைக் கடக்கும் முன்னும் பின்னும் மாலுமிகள் இளைப்பாற அங்கிருந்த மதுக்கடையும் மூடப்பட்டது.

பாட்டர் ஹைகமின் இடைக்காலக் கல்பாலம் இதே கதையின் இன்னொரு முகம். நடுவில் ஒரே ஒரு தாழ்ந்த அரைவட்ட வளைவு. வாடகைப் படகை அதன் அடியில் செலுத்த உள்ளூர் வழிகாட்டி ஓட்டுநர் ஏற வேண்டும். முகப்புக் கண்ணாடியை மடக்கி, மேற்கூரையை இறக்கி, அளவுப் பலகையைப் பார்த்து அவர் சரி என்றால்தான் போகலாம். சராசரி நீர்மட்டம் உயர்ந்ததால் இப்போது பெரும்பாலான வாடகைக் க்ரூஸர்களுக்கு அந்தச் சரி கிடைப்பது மிக அரிது. கடல்மட்ட உயர்வா, கீழாற்றில் தூர்வாராமையா என்பதில் கருத்து மோதல் தொடர்கிறது. இன்றைய வாடிக்கையாளர் கேட்கும் நிமிர்ந்து நின்று குளிக்கும் அறையும் படகின் உயரத்தைக் கூட்டிவிட்டது. பலன்: பிராட்ஸின் மிகப் பெரிய ஏரியான ஹிக்லிங்கும் ஹார்சி மியரும் பெரும்பாலான பயணிகளுக்கு வரைபடத்தில் மட்டுமே.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு: படகு குறைந்தது இயற்கைக்கு நல்லதுதானே? உச்சக் காலத்தில் ஏரிநீர் கலங்கி, நீர்த்தாவரங்கள் அழிந்து, அலையடித்துக் கரைகள் அரிக்கப்பட்டன. ஆனால் சூழலியலாளர் பிரையன் மாஸ் போன்றோரின் ஆய்வுகள் கலங்கலுக்கு முதன்மையாகச் சுட்டியது, கழிவுநீரிலும் வயல்களிலிருந்தும் வந்து சேர்ந்த பாஸ்பரஸ், நைட்ரஜன் சத்துகளை. படகின் பங்கு இருந்தது. வேகக் கட்டுப்பாடு அதற்கான மருந்து. மேலும் ஆணையத்தின் நீர்வழிப் பராமரிப்புக் கணக்கு படகுக் கட்டணத்தையே நம்பி நிற்கிறது. வாடகைப் படகு தனியார் படகைப்போல இருமடங்குக்கும் மேல் செலுத்துகிறது. அது குறையக் குறையச் சுமை மற்றவர் தலையில் ஏறுகிறது. 2023–24இல் கட்டணம் 13 விழுக்காடு கூட்டப்பட்டதற்குப் பணவீக்கத்தோடு இந்த நெருக்கடியும் பின்னணி. தூர்வாருவதும் துறைக் குத்தகையும் இதே பணத்தில் நடக்க வேண்டும்.

கால்வாய்களில் நிலைமை நேர்மாறு என்பார்கள். எல்.டி.சி. ரோல்ட்டின் 1944ஆம் ஆண்டு நூல் ‘நேரோ போட்’ எழுப்பிய ஆர்வத்தில் 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. 1968 போக்குவரத்துச் சட்டம் உல்லாசப் பயணத்துக்கென்றே சில கால்வாய்களை வகைப்படுத்தியது. 2012இல் உருவான கால்வாய் ஆற்று அறக்கட்டளையின் பொறுப்பில் இன்று 2,000 மைல் நீர்வழியும் ஏறத்தாழ 35,000 படகுகளும் உள்ளன. ஆனால் படகுகளின் எண்ணிக்கையைப் பயணத்தின் எண்ணிக்கையாகக் கொள்வது பிழை. லண்டனைச் சுற்றி எழுந்த பெருக்கம் வீட்டு வாடகைக்குத் தப்பி வந்தவர்களால் ஆனது. நிரந்தர நிறுத்தம் இல்லாதவர்கள் 1995 சட்டப்படி ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்க முடியாமல் நகர்கிறார்கள். அவர்கள் குற்றவாளிகள் அல்லர். ஆனாலும் கரையோரத்தில் இரண்டு மூன்று வரிசையாகப் படகுகள் கட்டிக்கிடக்கும் நகரப் பகுதியில், ஓரிரவு தங்க வரும் வாரஇறுதிக்காரருக்கு இடம் இல்லை என்பது அங்கும் மெய்.

ஆகவே கரைக்குத் தனிப் பாதுகாப்பு தேவை. பட்டறை நிலத்தைக் குடியிருப்பாக மாற்ற அனுமதிக்கும்போது, அங்கிருந்த நிறுத்த நீளத்தை அதே ஊரில் பொதுப் படகுத்துறையாகத் திருப்பித் தருவதைக் கட்டாய நிபந்தனையாக்கலாம். ஆண்டுதோறும் எத்தனை படகுகள் பதிவாயின என்பதோடு, பொதுப் படகுத்துறைகளில் எத்தனை படகுகள் இரவு தங்கின என்பதையும் ஆணையம் வெளியிட வேண்டும். டீசலுக்கு மாற்றாக மின்படகுகள் வரத் தொடங்கிவிட்டன. சில துறைகளில் மின்னேற்றத் தூண்கள் நிற்கின்றன. டீசல் க்ரூஸர் ஒரு வாரம் தொட்டியை நிரப்பாமல் ஓடும். இரவுதோறும் மின்னேற்றம் தேவைப்படும் படகுக்கு, கரையில் அதற்கென ஒதுக்கிய சில மீட்டர் இடம் இல்லாவிட்டால், இரண்டாம் நாள் காலைப் பயணமே கிடையாது.