சுட்ட படமா? சுடாத படமா?

2007ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான டிஸ்டர்பியா படத்தைப் பார்த்த பழைய சினிமா ரசிகர்கள் பலருக்கும் உடனே நினைவுக்கு வந்த பெயர் ஹிட்ச்காக். அவருடைய ரியர் விண்டோ (1954) படத்தை அப்படியே சுட்டுவிட்டார்கள் என்றனர் சிலர். இல்லை, அது மேதைக்குச் செய்த மரியாதை என்றனர் வேறு சிலர். இந்தச் சண்டை கடைசியில் நீதிமன்றம் வரை போனது.

முதலில் இரண்டு படங்களின் கதை. ரியர் விண்டோவில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர். கால் உடைந்து மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிறார். பொழுது போகாமல் ஜன்னல் வழியே எதிர் வீடுகளைப் பார்க்கிறார். அங்கே ஒருவன் தன் மனைவியைக் கொன்றிருப்பானோ என்று சந்தேகம் வருகிறது. டிஸ்டர்பியாவில் ஷியா லபோஃப் பள்ளி மாணவன். தந்தையை விபத்தில் இழந்தவன். ஆசிரியரை அடித்ததற்காக மூன்று மாத வீட்டுக்காவல். காலில் மாவுக்கட்டுக்குப் பதில் மின்னணுப் பட்டை. வீட்டின் எல்லையைத் தாண்டினால் போலீஸ் வந்துவிடும். அவனும் ஜன்னல் வழியே பார்க்கிறான். அவனுக்கும் பக்கத்து வீட்டுக்காரன் மீது சந்தேகம் வருகிறது.

அப்படியானால் ஹிட்ச்காக்கிடமிருந்து சுட்டதுதானே? அங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்தக் கதை ஹிட்ச்காக்குடையதே அல்ல!

அதை எழுதியவர் கார்னல் வூல்ரிச். 1942இல் துப்பறியும் கதைகள் வெளியிடும் ஒரு மலிவு விலைப் பத்திரிகையில் வந்த சிறுகதை அது. 1945இல் இந்தக் கதை உட்பட ஆறு கதைகளின் திரைப்பட உரிமையை மொத்தமாக 9,250 டாலருக்கு அவர் விற்றார். சில ஆண்டுகள் கழித்து ஸ்டூவர்ட்டும் ஹிட்ச்காக்கும் சேர்ந்து நடத்திய நிறுவனம் இந்த ஒரு கதையின் உரிமையை மட்டும் 10,000 டாலர் கொடுத்து வாங்கியது. கதையில் காதலி கிடையாது, கேமராவும் கிடையாது. கிரேஸ் கெல்லி நடித்த காதலி பாத்திரம், புகைப்படத் தொழில் எல்லாம் ஹிட்ச்காக்கும் திரைக்கதை எழுதிய ஜான் மைக்கேல் ஹேயஸும் சேர்த்தவை.

அமெரிக்காவில் அப்போது ஒரு படைப்புக்கான பதிப்புரிமை 28 ஆண்டுகள்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்துத் தருவதாக வூல்ரிச் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் அதற்கு முன்பே, 1968இல், இறந்துவிட்டார். புதுப்பிக்கப்பட்ட உரிமையை ஷெல்டன் ஏபெண்ட் என்ற இலக்கிய முகவர் 650 டாலருக்கும் வருமானத்தில் 10 சதவீதப் பங்குக்கும் வாங்கினார். 1983இல் ரியர் விண்டோ மீண்டும் திரைக்கு வந்து நல்ல வசூல் செய்தபோது அவர் வழக்குப் போட்டார். 1990இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் ஏபெண்ட் பக்கம் தீர்ப்பளித்தது. இறந்துபோன ஆசிரியர் கொடுத்த வாக்கு, புதுப்பித்த உரிமையைப் பெற்றவரைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் சாரம்.

இந்த வெற்றிக்குப் பிறகுதான், 2008இல், ஏபெண்ட் பெயரில் இருந்த அறக்கட்டளை டிஸ்டர்பியா மீது வழக்குத் தொடுத்தது. இம்முறை தோல்வி. ஜன்னல் வழியே கொலையைச் சந்தேகிப்பது என்பது வெறும் கரு. கருவுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அதைச் சொல்லும் விதத்துக்குத்தான் சட்டப் பாதுகாப்பு என்று 2010இல் நியூயார்க் நீதிமன்றம் கூறியது. நியாயமான தீர்ப்புதான். 1894லேயே, காலில் அடிபட்டுப் படுத்திருப்பவன் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கும் ஒரு கதையை எச். ஜி. வெல்ஸ் எழுதிவிட்டார்!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறக்கட்டளையின் கையில் இருந்தது சிறுகதையின் உரிமை மட்டுமே. எனவே நீதிமன்றம் டிஸ்டர்பியாவை ஒப்பிட்டது அந்தச் சிறுகதையோடுதான். ரசிகர்கள் ஒப்பிட்டதோ ஹிட்ச்காக்கின் படத்தோடு. காதலும் கேமராவும் சேர்ந்த அந்த ஒற்றுமை வழக்குக்குள் வரவே இல்லை. ஆகவே "திருட்டு அல்ல" என்ற தீர்ப்பை "மரியாதை" என்பதற்கான சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது.

மரியாதை செய்பவர் யாருக்குச் செய்கிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்வார். ரியர் விண்டோவின் பெயர் வரிசையில் வூல்ரிச்சின் பெயர் உண்டு. டிஸ்டர்பியாவில் கதை என்ற இடத்தில் இருப்பது கிறிஸ்டோபர் லாண்டனின் பெயர். படம் உலகம் முழுவதும் 11 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சட்டப்படி வூல்ரிச்சுக்கு அதில் ஒரு காசும் சேர வேண்டியதில்லை. நன்றி என்று ஒரு வரி போட்டிருந்தால் செலவும் ஒன்றுமில்லை.

வூல்ரிச்சின் கடைசி நாட்கள் நியூயார்க் ஹோட்டல் அறையில், பெரும்பாலும் தனிமையில் கழிந்தன. இறந்த ஆண்டில் அவருடைய ஒரு கால் துண்டிக்கப்பட்டிருந்தது. நடக்க முடியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவனின் கதையை எழுதியவர் அவர். அடுத்த முறை யாராவது "ஹிட்ச்காக் கதையைச் சுட்டுட்டாங்க" என்று சொன்னால், அந்தக் கதை யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.