வெட்டிப் பேச்சு

1876இல் கிரஹாம் பெல் காப்புரிமை பெற்ற தொலைபேசியை அமெரிக்க நிறுவனங்கள் வணிகக் கருவியாகவே விற்றன. வீட்டில் இருந்தால் மளிகைக்குச் சொல்லலாம், மருத்துவரை அழைக்கலாம். பெண்களோ பேசினார்கள்: அக்காவிடம், தோழியிடம், பக்கத்துப் பண்ணைக்காரியிடம். 1909இல் சியாட்டில் நகரத் தொலைபேசி அதிகாரி ஒருவர் வீட்டு அழைப்புகள் சிலவற்றை ஒட்டுக்கேட்டு, அவற்றில் 30 சதவீதம் வெட்டிப் பேச்சு என்று கணக்கெழுதினார். அதைக் குறைக்கவும் விரும்பினார். (திண்ணையில் ஆண்கள் பேசினால் அதற்கு அரசியல் என்று பெயர்.) சமூகவியலாளர் கிளாட் ஃபிஷரின் ஆய்வில் இதைப் படித்தபோது என்னை உறுத்தியது ஒட்டுக்கேட்டதைவிட அந்தக் கணக்குதான். சந்தைக்காரர்கள் தேடியலையும் தேவை காதில் விழுந்தும், பேசியவர்கள் பெண்கள் என்பதால், அது தொல்லையாகப் பதிவானது. 1920களின் பிற்பகுதியில்தான் உறவினரோடு பேசி மகிழுங்கள் என்று விளம்பரங்கள் அழைக்கத் தொடங்கின. அதற்குள் பண்ணை வீட்டுப் பெண்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.