மின்சாரத்தைக் கண்டு அஞ்சுவீர்களா?

கணினிக்கு நிரல் எழுதும் தொழில் பிறந்தபோது, அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையென்று எதுவும் இருக்கவில்லை. 1945இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 'எனியாக்' கணினி உருவாகிக்கொண்டிருந்தது. பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கையால் கணக்கிட்டுவந்த பெண்களிலிருந்து 6 பேர் அதற்குத் தேர்வாயினர். அவர்களுள் ஒருவரான ஜீன் பார்ட்டிக், மிசௌரியின் பண்ணைக் குடும்பமொன்றில் பிறந்து கணிதம் பயின்றவர். தமது நேர்முகத் தேர்வைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். மின்சாரத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன். இயற்பியல் படித்திருக்கிறேன், ஓம் விதி தெரியும் என்றார் பார்ட்டிக். அதுவல்ல, மின்சாரத்தைக் கண்டு அச்சமுண்டா என்பதே கேள்வி என்றாராம் அவர்.

இக்கேள்வி நமக்கு நகைப்பூட்டலாம். ஆனால் இயந்திரத்தின் கம்பிகளைத் தாமே இணைத்து வேலை வாங்க வேண்டியவரிடம் கேட்கத் தகுந்த கேள்வியே அது.

1950களில் கணினிகள் வணிக நிறுவனங்களுக்குள் நுழைந்தன. நிரலாளருக்குப் பெரும் பஞ்சம். நல்ல நிரலாளர் யார் என்பதில் எவருக்கும் தெளிவில்லை. 1955இல் ஐ.பி.எம். நிறுவனம் ஒரு திறனறித் தேர்வை வகுத்தது. எண் தொடரில் அடுத்த எண் எது, வடிவங்களுக்கிடையே ஒப்புமை என்ன, சில கணக்குகள்: இவ்வளவுதான். வரலாற்றாசிரியர் நேதன் என்ஸ்மெங்கர் தரும் கணக்கின்படி, 1967இல் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதை எழுதினர். மதிப்பெண்ணுக்கும் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு மெலிது என்ற ஐயம் அன்றே எழுந்ததுதான். ஆயினும் குவிந்த விண்ணப்பங்களைச் சலிக்க ஒரு சல்லடை தேவைப்பட்டது.

1966இல் கேனன், பெரி என்ற உளவியலாளர் இருவர் 1,378 நிரலாளர்களை ஆராய்ந்தனர். புதிர்களில் நாட்டமும் மனிதரிடம் நாட்டமின்மையும் இவர்தம் இயல்பு என்பது அவர்தம் முடிவு. ஆராயப்பட்டோரில் பெண்கள் 186 பேரே. இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். இங்கோ, அன்று பணியில் இருந்தோரின் இயல்பே இனி வருவோர்க்கெல்லாம் இலக்கணமாக்கப்பட்டது. எனியாக்கின் அறுவர் பின்னாளில் விண்ணப்பித்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பர் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

பின்னர் வந்தது புதிர்களின் காலம். பாதாளச் சாக்கடையின் மூடி ஏன் வட்டமாயிருக்கிறது என்ற கேள்வி மைக்ரோசாஃப்ட் நேர்முகத்தோடு சேர்த்துப் பேசப்பட்டுப் புகழ்பெற்றது. 2004இல் கூகிள், கணித மாறிலி ஒன்றின் இலக்கங்களுக்குள் ஒளிந்திருக்கும் பகா எண்ணைத் தேடச் சொல்லிச் சாலையோரம் விளம்பரப் பலகையே வைத்தது. அந்நிறுவனத்தின் பணியாளர் பிரிவுத் தலைவர் லாஸ்லோ பாக், இத்தகைய புதிர்கள் எதையும் முன்னறிவிப்பதில்லை, கேட்பவர் தம்மை அறிவாளியாக உணரவே உதவுகின்றன என்று 2013இல் ஒப்புக்கொண்டார். புதிர் போய் வெண்பலகை வந்தது. 2015இல், 'ஹோம்ப்ரூ' என்ற புகழ்பெற்ற மென்பொருளை எழுதிய மேக்ஸ் ஹவல், இரும மரமொன்றைப் பலகையில் தலைகீழாக்க இயலாததால் கூகிள் தம்மை ஏற்கவில்லை என்று எழுதினார். அவர் எழுதிய மென்பொருளை அந்நிறுவனத்துப் பொறியாளர்களே பயன்படுத்திவந்தனர்.

நம் கல்லூரிகளின் வளாகத் தேர்வுகளில் அந்த எண் தொடர் இன்றும் முதல் வாயிலாக நிற்கிறது. அதற்கெனப் பயிற்சி நூல்கள், பயிற்சி மையங்கள் உண்டு. கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகளும், ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிப் பேசும் தமிழ்வழி மாணவர்களும் அவ்வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். தோற்றுத் திரும்புபவர் தமக்கு அறிவில்லை என்று முடிவுகட்டிக்கொள்கிறார். அவர்களுக்கு ஆறுதல் மொழிகளைவிட இவ்வரலாற்றைச் சொல்வது பயன்தரும். அந்தச் சல்லடை அவசரத்தில் பின்னப்பட்டது. அதன் கண்களை அளந்து பார்த்தவர்கள் சிலரே.