மின்கம்பிவழித் தகவல்தொடர்பில் கன்வெர்ட்டர் இரைச்சல்

மின்சாரம் செல்லும் கம்பியிலேயே செய்தியையும் அனுப்பும் முறைக்கு, மின்திறன் கன்வெர்ட்டர்கள் விளைவிக்கும் மின்காந்தக் குறுக்கீடே கன்வெர்ட்டர் இரைச்சல். உயரழுத்தத் தடங்களில் இச்செய்தி ஏறத்தாழ 40 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரையிலும், மீட்டர் வாசிப்புக்கான தாழ்வழுத்தக் கம்பிகளில் பெரும்பாலும் 150 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயும் பயணிக்கிறது.

சூரிய இன்வெர்ட்டர், காற்றாலை, மோட்டார் வேகக் கட்டுப்படுத்தி ஆகியவற்றுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு திறப்பும் இரைச்சலைக் கம்பியில் தள்ளுகிறது. அதன் மேல்சுரங்கள் செய்தியின் அலைவரிசைக்குள் விழுகின்றன. பலர் கவனிக்கத் தவறும் கேடு வேறொன்று: இரைச்சலை அடக்கப் பொருத்தும் வடிகட்டியின் மின்தேக்கி, செய்தி அலையையும் விழுங்கிவிடுகிறது. அப்போது அளவுமானியில் இரைச்சல் குறைவாகத் தெரிந்தாலும் மீட்டர் பேசாது.

எடுத்துக்காட்டாக, தூத்துக்குடியில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்தாகக் கட்டப்பட்ட அனல்மின் நிலையம், துறைமுகக் கிரேன்கள், சுற்றுவட்டாரக் காற்றாலைகள் எல்லாம் அருகருகே உள்ளன. உப்பளக் காற்றில் மின்காப்பிகள்மேல் உப்புப் படிந்து, ஈரத்தில் சிறு மின்கசிவுப் பொறிகள் எழும். கன்வெர்ட்டர் இரைச்சலோடு அப்பொறிகளின் இரைச்சலும் சேரும். குறையைத் தேடுபவர் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்: உப்பின் இரைச்சல் மழை கழுவினால் தணியும், சூரிய இன்வெர்ட்டருடையது அந்தியில் ஓயும்.

புகளூர் போன்ற உயரழுத்த நேர்மின் நிலையங்களில் இத்தகைய இரைச்சலைத் தடுக்கத் தனி வடிகட்டிகள் தேவைப்படுகின்றன. முதன்மைத் தடங்களில் செய்தி அனுப்ப மின்கம்பிக்குப் பதில் ஒளியிழை பரவலாகிவிட்டது.