கொச்சித் துறைமுகத்தைத் தேடிப் போன தண்டவாளம்

சென்னையிலிருந்து கிளம்பிய ரயில் பாதை மேற்குக் கரையைத் தொட்டது 1862-ல். பாலக்காட்டுக் கணவாயில் இறங்கி, ஷொர்ணூரைத் தாண்டி, கோழிக்கோட்டுக்குத் தெற்கே பேப்பூரில் போய் நின்றது. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் மிளகுக்காகச் சண்டை போட்ட கொச்சி, ஷொர்ணூருக்குத் தெற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் விலகிக் கிடந்தது. நல்ல உள்கழி இருந்தும், வண்டி வராத துறைமுகமாகவே அது நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் கொச்சி மன்னர் ராமவர்மா. ராஜரிஷி என்று மக்கள் அழைத்த அவர், ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்குச் சமஸ்தானத்தின் சொந்தச் செலவிலேயே பாதை போட்டார். திருப்பூணித்துறை பூர்ணத்ரயீச கோயில் யானைகளுக்கான 15 தங்க நெற்றிப்பட்டங்களில் 14-ஐ இதற்காக விற்றார் என்று கொச்சியில் இன்றும் சொல்வார்கள். 1902 ஜூனில் பாதை திறந்தது. முதலில் ஓடியது சரக்கு வண்டிதான். ஆட்களை ஏற்றிய வண்டி ஆறு வாரம் கழித்து ஜூலையில்தான் ஓடியது. அந்தப் பாதை எதற்காகப் பிறந்தது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் அது மீட்டர் கேஜ். ஷொர்ணூர் வரை வருவதோ பிராட் கேஜ். கோவைப் பக்கத்துப் பஞ்சுப் பொதி ஒன்று கப்பலேற வேண்டுமானால், ஷொர்ணூரில் பெரிய வேகனிலிருந்து இறங்கி, சுமைக்காரர் முதுகில் ஏறி, சின்ன வேகனுக்குப் போக வேண்டும். எர்ணாகுளத்தில் மறுபடி இறங்கி வள்ளம் ஏற வேண்டும். அங்கிருந்தும் நேரே கப்பலுக்குப் போய்விட முடியாது. கழிமுகத்தை மணல்திட்டு ஒன்று அடைத்துக் கிடந்ததால் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டன. வள்ளங்கள் அலையில் ஆடியபடி அங்கே போய்ப் பொதிகளை ஏற்றின. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அந்த வேலையும் நின்றுவிடும். தண்டவாளம் துறைமுக ஊருக்கு வந்துவிட்டது, கப்பலுக்கு அருகே வரவில்லை.

இரண்டுக்கும் நடுவே இருந்த தூரத்தைக் குறைத்தவர் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ. சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபு 1920-ல் அவரைக் கொச்சிக்கு அனுப்பினார். கோட்டைக் கொச்சி அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. கொச்சி சமஸ்தானம் ஒரு பக்கம், திருவிதாங்கூர் இன்னொரு பக்கம். வருமானத்தை யார் யார் எப்படிப் பங்குபோட்டுக்கொள்வது என்ற பேச்சே வேலையைப் பல ஆண்டுகள் இழுத்தது. பிரிஸ்டோ மணல்திட்டை வெட்டி வழிவிட்டார். 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற நீராவிக் கப்பல் அந்த வழியே உள்ளே வந்தது. கழியின் அடியிலிருந்து தோண்டிய சேற்றை அவர் கடலில் கொட்டவில்லை. வெண்டுருத்தித் தீவை ஒட்டிக் குவித்துப் புதிதாக ஒரு தீவையே எழுப்பினார். அதுதான் வில்லிங்டன் தீவு. அந்த மாகாணத்தின் பொறியியல் வேலைகளில் இதற்கு இணையாகச் சிலவற்றைத்தான் என்னால் சொல்ல முடியும்.

தண்டவாளமும் அங்கே போக வேண்டியதாயிற்று. 1930களின் நடுவில் ஷொர்ணூர் பாதை பிராட் கேஜாக மாறியது. பிறகு கழியின் மேல் வெண்டுருத்திப் பாலம் எழுந்தது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943-ல் தீவின் மேல் கொச்சி ஹார்பர் டெர்மினஸ் நிலையம் திறந்தது. முதல்முறையாக வேகனும் கப்பலும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. நீலகிரித் தேயிலையும் வால்பாறைத் தேயிலையும் தீவின் கிட்டங்கிகளுக்கு வந்தன. 1947-ல் தேயிலை ஏலமும் அங்கேயே தொடங்கியது. எதிர்த்திசையில் உரமும் தானியமும் வேகன் வேகனாகக் கணவாய் ஏறின. பெங்களூரிலிருந்து அங்கே வந்த வண்டிக்கு ஐலண்ட் எக்ஸ்பிரஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அந்த வண்டி கன்னியாகுமரிக்குப் போகிறது. தீவைத் தொடுவதில்லை. பெயர் மட்டும் மிச்சம்.

தீவுப் பாதைக்கு முடிவு கட்டியது கன்டெய்னர். 1973-ல் ‘பிரசிடென்ட் டைலர்’ கப்பல் கொச்சிக்கு வந்தது. இந்தியத் துறைமுகம் ஒன்றுக்கு வந்த முதல் கன்டெய்னர் கப்பல் அதுதான் என்பார்கள். மூட்டையும் பெட்டியுமாக ஏற்றி இறக்கப் பிறந்த கிட்டங்கிகளுக்கும் அவற்றை ஒட்டிய தண்டவாளங்களுக்கும் வேலை குறையத் தொடங்கியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவுக்குப் போன பயணிகள் ரயிலும் நின்றது. 2018-ல் ஒரு டெமு ரயிலை விட்டுப் பார்த்தார்கள். ஆள் ஏறவில்லை. அதுவும் விரைவிலேயே நின்றது.

துறைமுகம் மறுபடி இடம் மாறியது. இம்முறை வடக்கே, வல்லார்பாடம் தீவுக்கு. கொழும்பில் இறங்கிச் சிறு கப்பலுக்கு மாறும் நம் கன்டெய்னர்களை இங்கேயே பிடித்து வைத்துக்கொள்வது நோக்கம். அதற்காக இடப்பள்ளியிலிருந்து 8.86 கிலோமீட்டருக்குத் தனிப்பாதை போட்டார்கள். அதில் பாதிக்கு மேல் பாலம்தான். வேம்பநாட்டுக் கழியின் மேல், முளவுகாடு வழியே, 132 கண்களோடு 4.62 கிலோமீட்டர் நீளும் பாலம். 2018-ல் அசாமில் போகிபீல் திறக்கும் வரை நாட்டின் மிக நீளமான ரயில் பாலம் இதுதான். 2011 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தைத் தொடங்கிவைத்தார்.

இந்தப் பாலத்தில் பயணிகள் ரயில் ஓடியதில்லை. அடியில் குடியிருக்கும் தீவுக்காரர்கள் எர்ணாகுளம் போவதற்குத் தலைமுறை தலைமுறையாகப் படகை நம்பியிருந்தவர்கள். கோஸ்ரீ சாலைப் பாலங்களுக்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்து, 2004-ல்தான் அவற்றைப் பெற்றார்கள். சரக்குக்கு மட்டும் கேட்காமலே பாலம் வந்தது.

நிலம் கேட்டும் வரவில்லை, பறித்துத்தான் வந்தது. முனையத்துக்கான சாலைக்கும் ரயிலுக்கும் ஏழு ஊர்களிலிருந்து 316 குடும்பங்களை வெளியேற்றினார்கள். 2008 பிப்ரவரி 6-ஆம் தேதி மூலம்பிள்ளியில் போலீஸ் காவலோடு வீடுகளை இடித்தார்கள். சமையல் சாமானும் துணிமணியும் வெளியே கிடக்க, மக்கள் கொட்டகை போட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அடுத்த மாதமே அரசு ஒரு மறுவாழ்வுத் திட்டத்தை அறிவித்தது: மாற்று நிலம், வீட்டு வாடகை, குடும்பத்துக்கு ஒருவருக்குத் திட்டத்திலேயே வேலை. காக்கநாட்டுப் பக்கம் கொடுத்த நிலத்தில் சில இடம் சதுப்பு. கட்டிய வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்டன. பல குடும்பங்கள் பத்தாண்டு கழிந்தும் வாடகை வீட்டில்தான். வேலை என்ற வாக்குறுதி காகிதத்தோடு நின்றது. கொச்சித் தண்டவாளத்தின் கதையில் எனக்குக் கோபம் வரும் இடம் இது.

அத்தனை கொடுத்தும் அந்தப் பாதை நிறைந்து ஓடவில்லை. ஒரு கன்டெய்னர் ரயிலில் 45 பிளாட் வேகன்கள், இருபதடிப் பெட்டி 90 ஏறும். ஆனால் திருப்பூர்ச் சட்டையும் கோவை பம்பு செட்டும் வரும் தூரம் இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குள்தான். டிரெய்லர் லாரி கம்பெனி வாசலிலேயே பெட்டியை ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாக வல்லார்பாடத்தில் இறக்கிவிடும். ரயிலில் அனுப்பினால் கம்பெனியிலிருந்து யார்டு வரை ஒரு லாரி வேண்டும், யார்டில் கிரேன் வேண்டும், 90 பெட்டி சேரும் வரை காத்திருக்க வேண்டும். போன ரயில் வெறுமையாகத் திரும்பினால் அந்த நஷ்டமும் வாடகையில் ஏறும். பெங்களூர் போல ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் ரயிலுக்குக் கட்டுப்படியாகும். அந்தச் சரக்குக்கோ சென்னையும் போட்டிக்கு நிற்கிறது. கொழும்பும் எதிர்பார்த்த அளவு பெட்டிகளை விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது பெரிய கப்பல்கள் திருவனந்தபுரத்துக்கு அருகே உள்ள விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வருகின்றன. அங்கே வணிகப் போக்குவரத்து 2024 டிசம்பரில் முறைப்படி தொடங்கியது. அதையும் பாலராமபுரத்தோடு இணைக்க 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை திட்டமிட்டிருக்கிறார்கள். பெரும்பகுதி சுரங்கத்துக்குள் போகும். செலவு கூடும்தான். ஆனால் நெருக்கமாக வீடுகள் உள்ள பகுதியில் பெரும்பாலான வீடுகளை இடிக்காமலே பாதை போட்டுவிடலாம். அந்தச் செலவு நியாயமானது என்றே நினைக்கிறேன். அதே அரசு மூலம்பிள்ளிக் குடும்பங்களுக்கு 2008-ல் எழுதிக் கொடுத்த வேலைகளையும் கொடுத்தாக வேண்டும்.