அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு திறத்தார்

1861இல் அமெரிக்காவில் போர் மூண்டபோது ஆட்பலமும் ஆலைகளும் புகையிரதப் பாதைகளும் வடக்கிலேயே மிகுந்திருந்தன. வடக்கில் ஏறத்தாழ 220 இலட்சம் மக்கள். தெற்கில் 90 இலட்சம். ஆயினும் தெற்கை எளிதாக எண்ணலாகாது. வடவர் பரந்த நிலத்தை வென்றாக வேண்டும். தென்னவரோ தோற்காதிருந்தாற் போதும். லீ போன்ற தளபதியும் அவர்பக்கம் நின்றார்.

தெற்கு மாநில உரிமைக்காகவே எழுந்தது என்பாருளர். நாம் அதனை ஒப்போம். தம் நிலை அடிமை முறையோடு பிணைந்ததென மிசிசிப்பி மாநிலத்தாரே அன்று எழுதிவைத்தனர். வடக்கும் முதலில் அடிமைகளுக்காகப் படையெடுக்கவில்லை. ஒன்றியத்தைக் காப்பதே லிங்கனின் நோக்கம்.

அந்த 90 இலட்சத்துள் ஏறத்தாழ 35 இலட்சத்தவர் அடிமைகள். தெற்கைத் தாங்கியது அவர் உழைப்பே. 1863 ஜனவரி 1இல் விடுதலைப் பிரகடனம் வந்தபின் அவருட் பலர் வடவர் படையிற் சேர்ந்தனர். போர் முடியுமுன் அப்படையிற் பணியாற்றிய கறுப்பினத்தவர் ஏறத்தாழ 1,80,000 பேர். 1865 ஏப்ரலில் அப்போமற்றொக்சில் லீ சரணடைந்தபோது அவரை மறித்து நின்ற படையிலும் அவர்கள் இருந்தனர்.