மாளிகையும் மனிதரும்

திருகோணமலைத் துறைமுகத்தருகே ஒல்லாந்தர் காலத்து மாளிகையொன்று நிற்கிறது. 1795இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயரின் ஆட்சியில் அது கடற்படை ஆணையாளர் இல்லமாயிற்று. இன்று அது கடல்சார் வரலாற்று நூதனசாலை. பழஞ்சுவர்கள் பிழைத்தமை கண்டு நாம் மகிழ்கிறோம்.

ஆயின் வரலாறு என்பது சுவர்களும் பீரங்கிகளும் மட்டுமா? அத்துறைமுகத்தை இயக்கியவை உழைப்பாளரின் கைகளன்றோ! 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அவர்கள் தலைமீதும் குண்டு பொழிந்தன. 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்து வெளியேறினர், நாடு தலைநிமிர்ந்தது, தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பலரோ வேலையிழந்தனர். விடுதலையின் விலையில் ஒரு பங்கை அவர்தம் அடுப்புகளே செலுத்தின.

மாணவரை அங்கு அழைத்துச்செல்லும் ஆசிரியர்கள் இக்கதையையும் சொல்வார்களாயின், அம்மாளிகை உண்மையிலேயே மக்களுடையதாகும்.